அம்பாசடர் மார்க் 3: சூடானதும் பட்டென்று நிற்கிறது, சார்ஜும் ஏறவில்லை

கானாடுகாத்தான் கொட்டகை:
வணக்கம். 1977 அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. ஐயா காலத்து வண்டி. வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில்தான் நிற்கும். ஆவணியில் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று முடிவாகிவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து வீடு வரை ஒன்றரை கிலோமீட்டர். மேளத்தோடு ஊர்ந்து போக ஒரு மணி நேரம் ஆகும்.

கோளாறு இரண்டு. முதலாவது, காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, இருபது இருபத்தைந்து நிமிடம் அருமையாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். டெம்பரேச்சர் முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் கொதிக்கவில்லை.

இரண்டாவது, பாட்டரி புதிது, ஆனாலும் இரண்டு முறை வெளியே எடுத்தால் மூன்றாம் முறை செல்ஃப் அடிக்காது. ரேஸ் கொடுத்தால் டேஷ்போர்டு சிவப்பு லைட் மங்குகிறது, இன்னும் ரேஸ் கொடுத்தால் மறுபடி எரிகிறது. டைனமோதான், ஆல்டர்னேட்டர் இல்லை. பாட்டரி நெகட்டிவ்தான் பாடிக்குப் போகிறது.

இதுவரை மாற்றியது: காயில், கண்டன்சர், சி.பி. பாயிண்ட், நான்கு பிளக். அடுத்து கார்பரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பள்ளத்தூர் பிஸ்டன்:
கார்பரேட்டரில் கை வைக்காதீர்கள். இது வேப்பர் லாக். இந்த இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம்; எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே கார்பரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிடும். அடுத்த தடவை நின்றால் பம்ப்பிலும் பைப்பிலும் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் நான் சொன்னது சரி.

காரைக்குடி ஒயர் கட்டு:
ஈரத்துணி போடுவதில் தப்பில்லை அண்ணே, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. வண்டி எப்படி நிற்கிறது? பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி இழுத்து இழுத்து, திக்கித் திணறி, கடைசியில்தான் சாகும். கரண்ட் போய் நிற்கிற வண்டி, யாரோ சாவியைத் திருப்பியது போல ஒரே நொடியில் அமைதியாகும். தலைப்பில் "பட்டென்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் உண்மையென்றால் நான் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது நான்கு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பங்கிடும் பெட்டியைத்தான் திறப்பேன்.

தம்பி, சாமான் மாற்றுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆறிய வண்டியில் எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வண்டி நின்ற முதல் பத்து நிமிடம்தான் நோய் வெளியே தெரிகிற நேரம். ஒரு மல்டிமீட்டர், இன்சுலேஷன் போட்ட கட்டிங் பிளேயர், ஒரு திருப்புளி, இவை மூன்றையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நின்றதும் இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் லிவரை ஒரு தடவை வெடுக்கென்று இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது, வேப்பர் லாக் பேச்சு முடிந்தது. பீய்ச்சாவிட்டால் பிஸ்டன் அண்ணன் ஜெயித்தார். அப்போது பெட்ரோல் டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரை உருவி, பிளேயரால் பிடித்து, பிளாக்கிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது; ஏர் கிளீனரை முதலில் மூடிவிடுங்கள். நீல நிறத்தில் "சட் சட்" என்று பாய்ந்தால் காயில் வரை சரி. கோளாறு ரோட்டாரிலோ மூடியிலோ இருக்கிறது. மூடியின் உட்புறம் பென்சில் கோடு போலக் கரி ஓடியிருந்தால் மூடியைத் தூக்கிப் போடுங்கள், துடைத்துப் பயனில்லை.

3. ஸ்பார்க் இல்லையென்றால் சாவியை ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையை பாடியில் வைத்து, காயிலின் எஸ்.டபிள்யூ. முனையில் (சாவி சுவிட்சிலிருந்து கரண்ட் வரும் முனை) அளக்கவும். 12 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் சாவி சுவிட்ச், அல்லது அங்கிருந்து வரும் வெள்ளை வயர்.

4. அடுத்து காயிலின் சி.பி. முனை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டுக்குப் போகும் முனை. பாயிண்ட் திறந்திருக்கும்போது 12. மூடியிருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். திறந்தாலும் மூடினாலும் 12 நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது. வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சுவதை வைத்து ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் பகுதி) இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட் அசையும். அதோடு மடங்கி மடங்கி உள்ளே இருக்கும் சின்ன வயரின் செம்பு, உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்க்க முழுசாகத் தெரியும். பேஸ் பிளேட்டை எர்த் செய்யும் பின்னல் வயரும் அதே கதை. திறந்தாலும் மூடினாலும் பூஜ்யமே நின்றால் எங்கோ எர்த் அடிக்கிறது.

சாவியை ஆனில் வைத்தபடி ஐந்து நிமிடம் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சுட்டுவிடும்.

தேவகோட்டை ரஸ்தா டைனமோ:
சார்ஜ் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. மங்கி மறுபடி எரிகிறது அல்லவா, அதைக் கவனியுங்கள். அந்த சிவப்பு பல்பின் ஒரு கால் சாவி வழியாக பாட்டரியில், மறு கால் டைனமோவின் டி முனையில். இரண்டு பக்கமும் சமமானால் பல்பு அணையும். டைனமோ 12 வோல்ட்டைத் தொடும்போது மங்கியது; அதைத் தாண்டி 18, 20 என்று ஏறியதும் இப்போது எதிர்ப்பக்கமிருந்து எரிகிறது. அதாவது டைனமோ நன்றாக வேலை செய்கிறது. அது தயாரிப்பதை பாட்டரிக்கு விட வேண்டிய கட்அவுட் மூடவில்லை. ரெகுலேட்டரும் அடக்கவில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பவை; இரண்டுக்கும் பொதுவானது ஈ முனை, அதாவது எர்த். அங்கேதான் துருப்பிடித்திருக்கும்.

உறுதி செய்ய: டைனமோவில் டி, எஃப் இரண்டு வயரையும் கழற்றுங்கள் (டி பெரிய முனை). இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே மீட்டர். ஸ்டார்ட் செய்து மெல்ல ஆயிரம் ஆர்பிஎம் வரை மட்டும் ஏற்றுங்கள். 20 வோல்ட் வரை சீராக ஏறினால் டைனமோ நலம். ஒன்றுமே வராவிட்டால் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் ஃபீல்டு காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். இந்த இணைப்போடு வேகமாக ரேஸ் கொடுத்தால் நல்ல டைனமோவையே கெடுத்துவிடுவீர்கள்.

பிறகு பெட்டிக்கு வாருங்கள். பாட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, ஈ வயரை இரண்டு முனையிலும் எமரி போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்க்ரூக்களைத் திருக வேண்டாம். கட்அவுட் கான்டாக்ட்டை எமரியால் தேய்க்கவே கூடாது.

அப்படியே இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் பின்னல் ஸ்ட்ராப்பையும் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் எர்த் அது வழியாகத்தான். அறுந்திருந்தால் செல்ஃப் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் போகும்; செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுட்டால் அதுதான் காரணம். செல்ஃப் அடிக்கும்போது பாட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

பாட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவுங்கள். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிப்பை ஆராய்கிற இடம்) இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அரிப்பு பிடித்த பாட்டரியோடு ஓட்டினால் கேலி செய்வார்கள்.

கானாடுகாத்தான் கொட்டகை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை சோதித்த கணக்கு:

22 நிமிடத்தில் நின்றது. திக்கவில்லை, ஒரே நொடியில். கார்பரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சியது. நடு வயரில் ஸ்பார்க் இல்லை. எஸ்.டபிள்யூ. முனையில் 11.9. சி.பி. முனையில் பாயிண்ட் திறந்திருக்கும்போதும் பூஜ்யம், மூடியிருக்கும்போதும் பூஜ்யம்.

டைனமோ டி-எஃப் சோதனையில் 20 வந்தது. ஈ வயர் ஸ்க்ரூ கையாலேயே சுற்றியது, அடியில் துரு. சுத்தம் செய்து இறுக்கிய பிறகு சிவப்பு லைட் அணைந்தால் அணைந்ததுதான். வேகமான ஐடிலில் பாட்டரியில் 14.1 வோல்ட்.

ஸ்பார்க்குக்கு அடுத்து என்ன செய்ய?

காரைக்குடி ஒயர் கட்டு:
பூஜ்யம், பூஜ்யம். அறுந்த வயர் இல்லை, எர்த் அடிக்கிறது. சூடாக இருக்கும்போதே சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி அளங்கள். 12 வந்தால் காயில் நலம், கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள். அங்கே சந்தேகத்துக்கு மூன்றே பேர்: பாடியில் உரசும் வயர், பாயிண்ட் ஸ்ப்ரிங்குக்கு அடியில் இருக்க வேண்டிய பைபர் வாஷர், கண்டன்சர்.

வயரைத் திரும்ப மாட்டி, கண்டன்சர் வயரை மட்டும் பாயிண்ட்டிலிருந்து விலக்கி, பாயிண்ட்டைத் திறந்து வைத்து அளங்கள். 12 எழுந்தால் கண்டன்சர் சூட்டில் ஷார்ட் ஆகிறது. "புதுசு மாற்றிவிட்டேனே" என்பீர்கள். இப்போது உதிரியாக விற்கிற கண்டன்சர்களில் புதுசிலேயே செத்தது நிறைய. கொள்ளளவு அளக்கும் மீட்டர் இருந்தால் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். ஓம்ஸில் வைத்தால் எல்லையில்லாமல் போக வேண்டும். இதை ஆறிய நிலையில் அளந்தால் பாஸ் ஆகிவிடும். 60 வாட் குண்டு பல்பை ஒட்டிப் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கி அளந்தால்தான் குட்டு வெளிப்படும். கழற்றிப்போட்ட பழைய கண்டன்சர் இருந்தால் அதையும் இப்படி அளந்து பாருங்கள். அதுவே நன்றாக இருக்கவும் கூடும்.

நல்லது கிடைத்ததும் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கேம் உச்சியில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது அளக்க வேண்டும். கேமில் ஒரு பட்டாணி அளவுகூட வேண்டாம், மிளகளவு கிரீஸ் போதும். கிரீஸ் இல்லாவிட்டால் பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், இன்ஜின் சூடேறும். உங்கள் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

பள்ளத்தூர் பிஸ்டன்:
தோற்றுவிட்டேன், சரி. ஆனால் முழுசாக விட மாட்டேன். ஒரு மணி நேரம் ஊர்ந்து போகிற ஊர்வலத்தில் இன்ஜின் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும், காற்றும் வராது. அங்கே வேப்பர் லாக் வரவே வரும். பம்ப்பிலிருந்து போகும் பைப் மேனிஃபோல்டைத் தொடாமல் தள்ளிக் கட்டுங்கள். கார்பரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் பேக்கிங் இருக்கிறதா பாருங்கள். சில வண்டியில் வெறும் பேப்பர் பேக்கிங் போட்டு முடித்திருப்பார்கள்.

பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் உடனே மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது ஈ20, இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பரை அது ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். பம்ப் டயாஃப்ரமுக்கும் இதே கதி. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பத்து மாதம் கொட்டகையில் நிறுத்துகிறவர் டேங்க்கில் பெட்ரோலை விட்டு வைக்கக் கூடாது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, இருபது நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் இறக்குங்கள். பிளாக் பக்கவாட்டில் ஒரு திருகுக்குழாய் இருக்கும். அதைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, சேறு அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்துங்கள். இரண்டு முறை நல்ல தண்ணீரால் அலசி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள். ரேடியேட்டர் இதழ்களில் நம்ம செம்மண் புழுதி அப்பியிருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும், எதிர்த்திசையில் அடித்தால் உள்ளேதான் போகும்.

தேவகோட்டை ரஸ்தா டைனமோ:
ஊர்வலக் கணக்கு ஒன்று. ஐடிலில் டைனமோ சார்ஜ் கொடுக்காது. சிவப்பு லைட் லேசாக எரிவது அப்போது சகஜம், பயப்பட வேண்டாம். எல்லாம் பாட்டரியிலிருந்துதான். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, பின்விளக்கு, இக்னிஷன் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பதின்மூன்று ஆம்பியர். முந்தின இரவு முழுசாக சார்ஜ் ஏற்றிய 60 ஆம்பியர்-அவர் பாட்டரி ஒரு மணி நேரத்தைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆனால் யாராவது 100 வாட் ஹாலோஜன் இரண்டு மாட்டலாம் என்றால் விடாதீர்கள். அது மட்டுமே பதினாறு பதினேழு ஆம்பியர். பழைய லைட் சுவிட்சும் வயரும் உருகும்.

சீரியல் லைட், பூ அலங்கார எல்.இ.டி. எதையும் வண்டி வயரில் தட்டி எடுக்கவிடாதீர்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் யுபிஎஸ் பாட்டரி ஒன்றை டிக்கியில் தனியாக வைத்தால் போதும். அலங்காரக்காரர்கள் ஹாரன் வயரில் குண்டூசி குத்திக் கரண்ட் எடுப்பார்கள், ஜாக்கிரதை.

கானாடுகாத்தான் கொட்டகை:
கண்டன்சர் வயரை விலக்கியதும் சி.பி. முனையில் 11.8 எழுந்தது. பழைய கண்டன்சர் டப்பாவில் கிடந்தது, பல்பு பக்கத்தில் சூடாக்கி அளந்ததில் 0.21, ஷார்ட் இல்லை. அதையே மாட்டிவிட்டேன். இன்று ஒரு மணி பத்து நிமிடம் ஐடிலில் ஓடியது, நிற்கவில்லை. முள் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலேதான். சிட்ரிக் ஆசிட் வாங்க நாளை காரைக்குடி போகிறேன்.

காரைக்குடி ஒயர் கட்டு:
வரும்போது இன்னொரு கண்டன்சரும் வாங்கிச் சூடாக்கி அளந்து, டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். ஊர்வலத்தில் இது செத்தால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்து செத்ததன் வயரை மட்டும் விலக்கிவிட்டு, புதியதன் வயரைக் காயில் சி.பி. முனையிலும் உடம்பை பாடியிலும் ஸ்க்ரூ போட்டால் வீடு வந்து சேரலாம்.