கேம்கார்டர் டேப்பை வீட்டிலேயே எடிட் செய்த அனுபவம்: எந்த மென்பொருளில் என்ன ஆனது? சொல்லுங்கள்

பென்னாகரத்தான்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம், 2007. சோனி மினிடிவி கேமராவில் இரண்டு கேசட் எடுத்தேன். அப்போது விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த மூவி மேக்கரில்தான் எடிட் செய்தேன். மூன்று மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பெயர் போட்டு, பாட்டு சேர்த்து, வெட்டி ஒட்டி முடித்து 'சேவ் ப்ராஜெக்ட்' கொடுத்தேன்.

ஹார்ட் டிஸ்க் 80 ஜிபிதான். கேப்சர் செய்த இரண்டு மணி நேர ஏவிஐ ஃபைல்களே 26 ஜிபி பிடித்துக்கொண்டன. ப்ராஜெக்ட்டில் எல்லாம் இருக்கிறதே என்று அவற்றை அழித்துவிட்டேன். கேசட் வாங்க சேலம் போகவேண்டிய காலம். அதனால் அதே கேசட்டுகளில் ஒன்றில் ஒகேனக்கல் போனதையும், இன்னொன்றில் அக்கா மகள் காது குத்தையும் எடுத்தேன்.

அடுத்த மாதம் ப்ராஜெக்ட்டைத் திறந்தால் கீழே வரிசையாக எல்லாக் கட்டத்திலும் சிவப்பு எக்ஸ் குறி. பெயர்கள் இருந்தன, பாட்டு இருந்தது, படம் மட்டும் இல்லை. ப்ராஜெக்ட் ஃபைலின் அளவைப் பார்த்தேன், சில கேபிதான். பாட்டி அட்சதை போட்டுவிட்டு கேமராவைப் பார்த்து, "இதுல நானும் தெரியறனா?" என்று கேட்பார். அந்த இடத்திலும் சிவப்பு எக்ஸ். பாட்டி 2009-இல் போய்விட்டார்.

இன்னும் ஆறு கேசட் பாக்கி இருக்கிறது, கேமராவும் ஓடுகிறது. இந்த முறை எந்த மென்பொருளை நம்பலாம்?

காவேரிப்பட்டணம் 72

தம்பி, படிக்கவே மனசு கனக்கிறது. என்னுடையது மயானக் கொள்ளை டேப். சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் ஊர்க் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடையில் யுஎஸ்பி கேபிளே போதும் என்று கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஏற்றினால் படம் தபால் தலை அளவுக்குத்தான் வந்தது, முகமே தெரியவில்லை. பல மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி என்பது ஃபோட்டோவை எடுக்கத்தான். டேப்பில் உள்ளது உள்ளபடி வர ஃபயர்வயர் என்கிற வேறு வகை இணைப்பு வேண்டும். அது தெரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஃபயர்வயர் கார்டு போட்டு, விண்டிவி என்கிற சின்ன இலவச மென்பொருளில் மறுபடி ஏற்றினேன். அம்மன் தெரு முனை திரும்புகிறது, பம்பைச் சத்தம் ஏறுகிறது, சரியாக அங்கே நின்றுவிட்டது. மறுபடி சுற்றி ஓடவிட்டேன், அதே 19-ஆவது நிமிடம். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து அன்று சாப்பாடே இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால், நான் ஏற்றிய வெளி டிஸ்க் ஃபேட்32 என்கிற பழைய முறையில் ஃபார்மட் செய்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. மினிடிவி மணிக்கு 13 ஜிபி, கணக்குப் போட்டால் 19 நிமிடம்தான் வருகிறது. டிஸ்க்கை அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினேன், முழுசாக வந்தது.

ஒரு கேள்வி தம்பி. ஒகேனக்கல் எடுத்தீர்களே, அது அந்தக் கேசட்டின் கடைசி வரை ஓடியதா?

ஓசூர்க்காரன்

பென்னாகரம் அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் மூவி மேக்கர் செய்தது தப்பு இல்லை. பிரீமியர், பினாக்கிள், ரிசால்வ் என்று எந்த எடிட்டிங் மென்பொருளை எடுத்தாலும் ப்ராஜெக்ட் ஃபைலில் இருப்பது எந்த ஃபைல், எங்கே வெட்டு என்ற குறிப்பு மட்டும்தான். நகல் எழுதும் எழுத்தர் மாதிரி மூலப் பத்திரத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூலத்தை எரித்தால் நம்பரை வைத்து என்ன செய்வது?

என் கதை சின்னது. எருது விடும் விழாவை, டேப் இல்லாமல் ஃபைலாகவே பதியும் ஏவிசிஎச்டி கேமராவில் எடுத்தேன். நீளமான பதிவை அது 2 ஜிபி துண்டு துண்டாக எழுதும். துண்டுகளைத் தனித்தனியாக எடிட்டரில் போட்டேன். காளை பட்டியை விட்டுப் பாய்ந்து, தடுப்பைத் தொடும் அந்த ஒரு கணத்தில் படம் ஒரு விக்கல் விக்கி, காளை நாலடி தள்ளிப் போய்த் தெரிந்தது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் கண் அங்கேயே நிற்கிறது. பிறகு கட்டளைச் சாளரத்தில் பைனரி முறையில் அந்தத் துண்டுகளை (எம்டிஎஸ் ஃபைல்கள்) ஒன்றாக ஒட்டினேன், சரியானது.

மென்பொருள் பற்றி. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே மூவி மேக்கரை எடுத்துவிட்டது, அதைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பெயரில் இணையத்தில் கிடைப்பதை ஏற்றவும் செய்யாதீர்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பே வீட்டு வேலைக்கு மிச்சம். வண்ணம் சரிசெய்ய அதை விட்டால் வேறு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்டர்லேஸ் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் கேமரா நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பிரித்த இரண்டு பாதிப் படம். மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், ஏவிசிஎச்டியில் மேல் ஃபீல்டு முதலில். இதை மாற்றிக் கொடுத்தால் காளை முன்னும் பின்னும் உதறும். இந்தப் பாதிகளை முழுப் படமாக்குவதுதான் டீஇன்டர்லேஸ், அதைச் செய்யாமல் விட்டால் ஓடும் காளையின் கொம்பு சீப்புப் பல் மாதிரி தெரியும். நொடிக்கு 50 ஃப்ரேமாக டீஇன்டர்லேஸ் செய்தால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும், 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். அப்புறம் மினிடிவியின் 720×576 படத்தை இழுத்து அகலத் திரைக்கு நிரப்பாதீர்கள், பாட்டி முகம் அகலமாகிவிடும். பக்கத்தில் கறுப்பு இருந்தால் இருக்கட்டும். விண்டோஸ் 10-இல் ஃபயர்வயர் கேமரா தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'லெகசி' டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எடிட் முடிந்ததும் ஒரு நல்ல எம்பி4 வெளியே எடுங்கள், மூல ஏவிஐயைத் தனியாக இரண்டு டிஸ்க்கில் வையுங்கள்.

அரூர்ப் பொண்ணு

ஓசூர் சார், ரிசால்வ் ரிசால்வ் என்கிறீர்கள், அது எல்லார் வீட்டிலும் ஓடுமா? என் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் எங்களிடம் இருப்பது. ரிசால்வ் திறப்பதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் போதாது என்று நின்றுவிட்டது. ஷாட்கட் என்கிற இன்னொரு எடிட்டிங் மென்பொருள் ஓடியது. ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் சின்னப் படத்தை வைத்துக்கொண்டு வெட்டலாம், கடைசியில் பெரிய படத்திலிருந்தே எழுதிக்கொடுக்கும். அது ராத்திரி முழுக்க எழுதினாலும் எழுதட்டும், நாம் தூங்கலாம்.

எங்கள் அப்பா கூத்துக் கட்டுகிறவர். பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் வேஷம். மாமா ஒருவர் எடுத்த டேப் இருக்கிறது. பின்னால் ஜெனரேட்டர் சத்தம் இரைந்துகொண்டே இருந்தது. அதைக் குறைக்கலாம் என்று இரைச்சல் நீக்கும் ஃபில்டரை முழுசாக ஏற்றினேன். ஜெனரேட்டர் போனது, கூடவே முகவீணையும் போனது. சலங்கை தண்ணீருக்குள் ஆட்டுகிற மாதிரி கேட்டது. பாதி அளவுக்கு இறக்கி வைத்தேன், ஜெனரேட்டர் கொஞ்சம் இரைந்தால் இரைந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் என்னை விடாமல் அரிப்பது வேறு. திரை பிடிப்பதற்கு முன்னால் அப்பா கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு, பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அரிதாரம் கலையக்கூடாது என்று உதட்டைக் குவித்து, கிளாஸைத் தொடாத மாதிரி உறிஞ்சுகிறார். நடுவில் யாரையோ பார்த்து, "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்கிறார். அந்தப் பாப்பா நான்தான். கூத்துக்குச் சம்பந்தமில்லை என்று முதலில் அதை வெட்டித் தூக்கிவிட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, அதை மட்டும் வெட்டாத" என்று சண்டை போட்டு மறுபடி வைக்க வைத்தான். அப்பாவால் இப்போது வேஷம் கட்ட முடிவதில்லை. வீட்டில் எல்லாரும் திருப்பித் திருப்பிப் போடச் சொல்வது அந்த நாற்பது நொடியைத்தான். நான் வெட்டியபோது தம்பி பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்?

ஓசூர்க்காரன்

அக்கா, ப்ராக்ஸி ரிசால்விலும் இருக்கிறது. ஆனால் அந்த மடிக்கணினிக்கு ஷாட்கட்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். டீ குடிக்கிற பகுதியைத் தனி ஃபைலாகவும் எடுத்து வையுங்கள்.

பென்னாகரத்தான்

காவேரிப்பட்டணம் அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரியே கேசட்டைத் தேடினேன். லேபிளில் 'ஒகேனக்கல்' என்று மேலே எழுதி, அடியில் பழைய எழுத்தை அடித்திருக்கிறேன். கேமராவிலேயே ஓட்டிப் பார்த்தேன். பரிசல், அருவி, மீன் பொரிக்கிற கடை, 47-ஆவது நிமிடத்தில் முடிகிறது. ஒரு நொடி நீலத் திரை. அப்புறம் எங்கள் வீட்டு வாசல் பந்தல்!

13 நிமிடம் மிச்சம் இருக்கிறது. அட்சதை போடுவது இல்லை, அது மேலே எழுதியதில் போய்விட்டது. இது பந்தி. பாட்டி ஓரமாக நின்று பரிமாறுகிற பையனை, "அந்தக் கடைசி இலைக்கு ரசம் போகல பாரு" என்று விரட்டுகிறார். முகம் பாதிதான் தெரிகிறது, குரல் முழுசாக இருக்கிறது. அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, மறுபடி போடு என்றார்.

காலையில் ஃபயர்வயர் கார்டுக்குச் சொல்லிவிட்டேன். மேலே மறுபடி பதியாதபடி கேசட்டின் தடுப்புப் பொத்தானையும் தள்ளிவைத்துவிட்டேன். ஒரே கவலை, பந்தி நடுவில் இரண்டு இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. டேப்பைப் படிக்கிற ஹெட் அழுக்கா, டேப்பே போய்விட்டதா? மினிடிவிக்கு ஹெட் கிளீனிங் கேசட் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ யாரிடமாவது இருக்கிறதா? ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிவிடுகிறேன்.