நாட்டு மாட்டுக்கு மானியம்: கொட்டகைக்காரர்கள் என்னிடம் சொன்னவை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைகளில் பால் எடுத்து வீடுகளுக்கும் கோயில்களுக்கும் கொடுத்துவருபவன் என்பதால், உள்ளூர் இனங்களைக் காக்க மானியம் தந்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு, மாடு வளர்ப்போர் என்னிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பழைய இனங்கள் இரண்டு. தோட்ட வேலைக்கு நம்மவர்கள் வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த மாடுகளின் வழிவந்த கறவை மாடு ஒன்று. அரசு ஏடுகள் அதை எல்.ஐ.டி. (Local Indian Dairy, உள்ளூர் இந்தியக் கறவை மாடு) என்று குறிக்கின்றன. மற்றது கெடா-கிளந்தான் மாடு. உருவில் சிறியதானாலும் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். மட்டமான புல்லைத் தின்றே சினை பிடிக்கும். பாலுக்கு ஃபிரீசியன், இறைச்சிக்குப் பிராமன் என்று வெளிநாட்டு இனங்களைக் கலந்துகொண்டே வந்ததில், கலப்பில்லாத காளையைக் காட்டச் சொன்னால் மூத்த கொட்டகைக்காரர்களே யோசிக்கிறார்கள்.

அவர்களில் ஒரு பெரியவர் பால் கறப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் அதை இழுத்துத் தாயின் முன்காலருகே கட்டிவிட்டுத்தான் செம்பை எடுப்பார். கன்று கண்ணில் படாவிட்டால் அந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். லிட்டர் கணக்குப் பார்த்துத் தரும் எந்த உதவியிலும் இப்படிப்பட்ட மாடு கடைசியில்தான் நிற்கும் என்பது என் எண்ணம்.

“தலைக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கொடுக்கட்டும் தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டை எங்கே மேய விடுவது?” என்றார் அவர். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டபோது, இளம்பனைகளின் ஓலையைத் தின்றுவிடும் என்று மாடுகளுக்குத் தடை விதித்தார்கள்; அது நியாயமும்கூட. ஆனால் மரம் உயர்ந்த பிறகு மாடு களையை மேய்ந்து களைக்கொல்லிச் செலவைக் குறைக்கும் என்பது இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் தெரிந்த செய்தியாக இருந்தும், அவருக்குக் கிடைத்தது வாய்மொழி அனுமதி மட்டுமே. மேலாளர் மாறியதும் அதுவும் போயிற்று. நிலத்துக்கு ஆவணம் கேட்கும் மானியப் படிவத்தில் அவர் எதை எழுதுவார்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, அழிந்துவரும் உள்ளூர் இனங்களுக்குக் கால்நடை அலகு (வளர்ந்த மாடு ஒன்றுக்கு ஈடான கணக்கு) ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 யூரோ என்று உச்ச வரம்பு வைத்தது. அதிகம் கறக்கும் இனத்தை வளர்க்காததால் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டுவதே அதன் அடிப்படை. இதை இன்னொரு கொட்டகையில் எடுத்துச் சொன்னபோது, அந்த வீட்டு அக்கா, “அந்தப் பணம் நின்ற வருடமே மாடு லோரியில் ஏறிவிடும், தைப்பூச நேரத்தில் கோயிலுக்குக் கொடுக்கும் பாலுக்குக் கிடைக்கும் விலை வருடம் முழுவதும் கிடைத்தால் எனக்கு மானியமே தேவையில்லை” என்றார். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. இத்தாலியில் அருகிப்போன ரெஜியானா என்னும் செம்மாட்டினம் மீண்டதற்கு, அதன் பாலில் மட்டும் செய்த பாலாடைக்கட்டியைத் தனி முத்திரையோடு கூடுதல் விலைக்கு விற்றதும் ஒரு காரணம்.

* * *

மேலே அண்ணன் எழுதியதை ஒட்டி, அதே ஊரில் ஆடு வளர்ப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கால்நடைகளை முதலில் கொடுத்து, பிறகு ஈன்ற குட்டிகளில் இத்தனை என்று திரும்பப் பெறும் பாவா முறை இங்கு நெடுநாளாக இருக்கிறது. நம்மவர்கள் வாரத்துக்கு விடுவதும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளூர்க் கச்சாங் ஆட்டைக் காக்க இதுவே ஏற்ற வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணம் கைக்கு வந்தால் பள்ளிக்கூடச் செலவுக்குப் போய்விடும். கிடா வந்தால் மந்தையில் நிற்கும். வெளிநாட்டு இனமான போயர் கிடாவின் உடல் எடையைப் பார்த்து எல்லோரும் அதையே சேர்த்ததால், என் பெட்டைகளுக்கு ஏற்ற கச்சாங் கிடா அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. பேராக்கில் யாரிடமாவது கலப்பில்லாத கிடா இருந்தால் தெரிவிக்கவும். வாரத்தைக் குட்டியாகவே கொடுத்துவிடுகிறேன்.