கடல்மீன் தொட்டிக் கல்லில் ஒட்டியிருப்பது ஐப்டேசியாவா (பெருகித் தொல்லை தரும் கடல் அனிமோன்)? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவை போட்டு 100 லிட்டர் தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகிறது. அடர்த்தி 1.025, வெப்பம் 27 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். மீன் இன்னும் விடவில்லை. பவளம் எடுக்கச் சட்டத்தில் தடை என்பதால் பவளக் கல்லுக்குப் பதில் செராமிக் கல்தான். சென்னை நண்பர் தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலும் ஒரு துண்டுக் கல்லும் கொடுத்தார். வினை அதில்தான் வந்தது போல.

ராத்திரி விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க ரவையைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், விட்டு விட்டுத் தத்துகின்றன. கோபிபாட் (இறால், நண்டு வகையில் மிகக் குட்டி உயிர்) என்று நினைக்கிறேன். மீனுக்குத் தீனிதானே, இருக்கட்டும். (அம்மா மட்டும், "உப்புத் தண்ணியில பேன் வளக்கறான்" என்கிறார்.) மோட்டார்மேல் குட்டி நத்தை ஓடு மாதிரி வெள்ளைச் சுருள்கள். நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பாக நொறுங்குகிறது. சுருள் ஓட்டுக்குள் வாழும் ஸ்பைரார்பிட் புழுதானே?

பயம் அடுத்ததில்தான். நண்பர் தந்த கல்லில் வெளிர் பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஒரு தண்டு. அரை சென்டிமீட்டர் இருக்கும். உச்சியில் வட்டமாக மெல்லிய விரல்கள். ஈர்க்குச்சியால் தொட்டதும் சடக்கென்று ஓட்டைக்குள் போய்விட்டது. ஐப்டேசியாவைப் பிய்த்தால் மிஞ்சும் துணுக்கும் முளைக்கும் என்பதால் கை வைக்கவில்லை. ஹைட்ராய்டாகவும் (இதே மாதிரி விரல்கள் உள்ள இன்னொரு சின்னக் கடலுயிர்) இருக்குமோ? எதைப் பார்த்துப் பிரித்தறிவது? ஐப்டேசியாதான் என்றால், ஒன்றே ஒன்று இருக்கும்போதே கல்லோடு எடுத்துவிடலாமா?

படம் மொபைலில் எடுத்தது, சுமார்தான். வேறு கோணம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இன்றிரவே எடுத்துப் போடுகிறேன்.