சாணை மெஷின்: கிரைண்டரா, தண்ணி மெஷினா?

கொளத்தூர் தச்சன்:
கடையில உளி, இழைப்புளி பிளேடு, ட்ரில் பிட்; வீட்ல அரிவாள்மனை. ஆறு இன்ச் பெஞ்ச் கிரைண்டர் போதுமா? பாரிமுனையில அதையும், கல்லு தண்ணியில நனைஞ்சுக்கிட்டே மெதுவா சுத்துற தண்ணி மெஷினையும் பாத்தேன், விலை மலைக்கும் மடுவுக்கும்.

அம்பத்தூர் லேத்:
ட்ரில் பிட்டுக்குக் கண்ணை மூடிட்டு கிரைண்டர் வாங்குங்கண்ணே, அது ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்), சூடு தாங்கும். உளி கார்பன் ஸ்டீல். கிரைண்டரோட 2,800 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 2,800 சுத்து) அழுத்துனா நுனி நீலமாயிடும், பதம் போச்சு. அந்த நீலம் முழுக்கத் தேய்ச்சாதான் மறுபடி கூர் நிக்கும். தண்ணி மெஷின் 100 ஆர்பிஎம் பக்கம்தான், ஆமை வேகம், ஆனா சூடே ஏறாது.

கொளத்தூர் தச்சன்:
நுனி உடைஞ்ச உளிக்கு?

பெரம்பூர் ஃபிட்டர்:
கிரைண்டர்ல வெள்ளை நிறச் சாணைக்கல் மாட்டி, தொட்டுத் தொட்டு எடுத்துத் தண்ணியில முக்குங்க. நுனியில நிக்குற பிசிறு போக உளியைத் தோல்பட்டையில இழுங்க. அரிவாள்மனைக்கு மெஷின் எதுக்கு? தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுங்க சார்.