அம்மாவின் கட்டி ரிப்போர்ட்டில் பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வு. எனக்கும் இருக்குமா?

கேள்வி:
அம்மாவுக்கு சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடுகிறது. வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் நேற்று வந்தது. டி.பி.53, பி.ஆர்.சி.ஏ.1 என்று இரண்டு மரபணுக்களில் பிறழ்வாம். எனக்கு 29 வயது. இரண்டும் எனக்கும் வந்திருக்குமா? சித்திக்கும் முன்பு கருப்பைவாய்ப் புற்றுநோய் இருந்தது. ராத்திரி தூக்கமே இல்லை.

பதில் 1:
கட்டியில் இருப்பதெல்லாம் பிறவியில் வந்தது இல்லைங்க. சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் பார்க்கிற சீரஸ் வகையில் டி.பி.53 கிட்டத்தட்ட எல்லாருக்குமே கெட்டிருக்கும், பெரும்பாலும் அது கட்டிக்குள்ளேயே உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது. பி.ஆர்.சி.ஏ.1 அப்படி இல்லை. உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்கிற மரபணு அது, பரம்பரையாகவும் வரலாம். அம்மாவின் ரத்தத்திலும் அதே பிறழ்வு இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இருந்தால் உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் அதே கணக்குதான்.
சித்தி விஷயம் வேறு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸ்தான் காரணம், அந்த வைரஸின் புரதமே, டி.பி.53 மரபணு உண்டாக்குகிற, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தை அழித்துவிடும். இதோடு அதை முடிச்சுப் போடாதீர்கள்.

பதில் 2:
தயவுசெய்து அம்மாவுக்கு முன்னால் நீங்கள் சோதித்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் போய் மாட்டிக்கொண்டேன். 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தது, நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஒரு வருஷம் அதையே நினைத்து உருகினேன். அப்புறம்தான் அது தீங்கில்லாதது என்று மாற்றி எழுதினார்கள். அம்மாவிடம் என்ன பிறழ்வு என்று தெரிந்தால் உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், உண்டு அல்லது இல்லை என்று பதில் வந்துவிடும்.

பதில் 3:
உண்டு என்றே வந்தாலும் அது நோய் இல்லை, ஆபத்துதான். ஆனால் சின்ன ஆபத்து இல்லை: சினைப்பைப் புற்றுநோய் வாழ்நாளில் பொதுவாக நூறு பெண்களில் ஒருவர் இருவருக்கு வரும், பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வு இருந்தால் 40 பேருக்கு மேல்கூட வரலாம். முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கேன் எதுவும் கிடையாது, அதனால்தான் குழந்தைப்பேறு முடிந்த பின் 35-40 வயதில் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். மார்பகத்துக்கும் ஆபத்து உண்டு, அதற்கு எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு இருக்கிறது. அம்மாவுக்கும் இதில் ஒரு நன்மை: பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு உள்ள கட்டிகளில் நன்றாக வேலை செய்கிற ஓலாபரிப் மாத்திரை கீமோவுக்குப் பிறகு பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
இன்று காலை அம்மாவின் ரத்தம் கொடுத்தாயிற்று, ஊதா மூடி போட்ட ஒரு சின்னக் குழாய், அவ்வளவுதான். ஓலாபரிப் பற்றி வியாழக்கிழமை கேட்கிறேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன், தனக்கும் இதில் பங்கு உண்டு என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.