அட்டைத் தறி: துணி நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்குகிறது, ஏன்?

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூரில் மே லீவில் 12 பிள்ளைகளுக்கு நெசவு சொல்லித்தரணும். வயசு 6 முதல் 9, நேரம் ஒன்றரை மணி. காசு போட்டு எதுவும் வாங்கறதா இல்லை. அட்டைப்பெட்டி, பழைய டிசர்ட், கிழிஞ்ச கைலி, பால் பாக்கெட் இருக்கு. மாதிரிக்கு ஒண்ணு செய்ததில் அட்டை வில்லா வளைஞ்சிடுச்சு. துணியும் ஏற ஏற நடுவில் ஒடுங்குது. பாவு நூலை (நீளவாக்கில் கட்டற நூல்) இன்னும் இறுக்கிக் கட்டணுமா?

கைலித்தறி, குறிஞ்சிப்பாடி:
இறுக்கவே கூடாதுங்க. விரலால் அழுத்தினா அரை செ.மீ. இறங்கற அளவு போதும்.

அட்டை வளையறதுக்கு வேற காரணமும் இருக்கு. அட்டைக்குள்ள நெளிநெளியா ஓடுது பாருங்க, அந்த நெளி பாவு ஓடற திசையிலேயே இருக்கணும். குறுக்கே இருந்தா நூல் இழுத்ததும் நெளியோடவே மடிஞ்சிடும்.

அளவு: நீளம் 20 செ.மீ., அகலம் 15. மேலும் கீழும் ஓரத்தில் ஒன்றரை செ.மீ. விட்டு, 1 செ.மீ.க்கு ஒண்ணா 13 வெட்டு, அரை செ.மீ. ஆழம். நூலை அட்டையைச் சுத்திச் சுத்திக் கட்ட வேண்டாம். ரெண்டு வெட்டுக்கு நடுவில் நிக்கிற பல்லுக்குப் பின்னால போய் அடுத்த வெட்டில் முன்பக்கமே திரும்பட்டும். பாவுக்கு மூன்றரை மீட்டர் சணல் நூல் போதும்.

ஒடுங்கறது ஊடையால, அதாவது குறுக்கே நெய்யற இழையால. ஓரத்தில் திரும்பும்போது பிள்ளைங்க வெடுக்குன்னு இழுத்துடும். ஊடை பாவுக்கு மேலயும் கீழயும் ஏறி இறங்கணும்னா கூடுதல் நீளம் வேணும். அதை நேராப் போட்டா அந்த நீளத்தை ஓரத்திலிருந்து பிடுங்கிக்கும். அதனால வானவில் மாதிரி 2, 3 செ.மீ. வளைச்சுப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீப்பால் தட்டச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இது கையில் வராது. முதல் பாவுக்கும் கடைசிப் பாவுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு துடைப்ப ஈர்க்குச்சி வச்சு, முனையை டேப்பால் ஒட்டி, குச்சியையும் சேர்த்தே நெய்ய விடுங்க. முடிஞ்சதும் உருவிடலாம்.

முத்தியால்பேட்டை டீச்சர்:
டிசர்ட்டைக் கிழிக்காதீங்க, வெட்டணும். அக்குளுக்குக் கீழே குறுக்காக 2 செ.மீ. பட்டைகள், இழுத்தா தானாகச் சுருண்டு கயிறாகும். உடம்புச் சுற்று ஒரு மீட்டர், நீளம் 40 செ.மீ. என்றால் 20 வளையம், 20 மீட்டர். ஒரு பிள்ளைக்கு இரண்டரை மீட்டர் ஆகும், ஆக இரண்டு டிசர்ட்டில் 12 பேரும் முடிப்பாங்க. கைலி நேர்மாறு: ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துக் கிழித்தால் நூல் நேராகவே ஓடும். தொங்கும் பிசிறை மட்டும் உருவிடுங்க, இல்லைன்னா சீப்பில் சிக்கும்.

பால் பாக்கெட் இந்த வயசுக்கு வேண்டாம். வழுக்கும், தட்டினாலும் அமராமல் மேலே எழும்பும்.

ஊசிக்குப் பதில் பட்டையின் நுனியில் செலோடேப் சுற்றினால் ஷூ லேஸ் முனை மாதிரி விறைப்பாகிடும். 6 வயசுப் பிள்ளைகளுக்கு அட்டைக்குப் பதில் பழைய சி.டி.யைத் தறியாகக் கொடுங்க. நடு ஓட்டை வழியாக 15 சுற்று நூல், பின்பக்கம் டேப். எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்கணும். இரட்டைப்படை ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே பாவுக்கு மேலே போகும், அதே பாவுக்குக் கீழே போகும். துணி பின்னாது.

மஞ்சக்குப்பம்வாசி:
நன்றிங்க. செவ்வகத் தறியிலிருந்து எப்படிக் கழட்டறது? வெட்டினதும் மாதிரித் துணி பிரிஞ்சுபோச்சு.

கைலித்தறி, குறிஞ்சிப்பாடி:
மொத்தமா வெட்டிட்டீங்க போல. அதோட, பல்லு வரைக்கும் நெய்திருந்தா முடிச்சுப் போட நூலே மிஞ்சாது. ஆரம்பிக்கும்போதே கீழே 4 செ.மீ. அகல அட்டைத் துண்டு ஒண்ணைப் பாவுக்கு இடையில் செருகிடுங்க, அதுக்கு மேலதான் முதல் வரிசை. மேலேயும் 4 செ.மீ. விடுங்க. நடுவில் சுமார் 12க்கு 11 வரும், டம்ளர் வைக்கத் தோது. கழட்டும்போது துண்டை உருவிட்டு, பக்கத்துப் பாவு ரெண்டு ரெண்டா வெட்டி உடனே முடிச்சு. 13 பாவு என்பதால் கடைசியில் மூணு மிஞ்சும், சேர்த்தே முடிங்க. ஒருபக்கம் முழுக்க முடிச்ச பிறகு மறுபக்கம்.

முத்தியால்பேட்டை டீச்சர்:
வெட்டுப் பல்லை முன்னாடியே நீங்க போட்டு வச்சிடுங்க. அதைப் பிள்ளைங்க கையில் கொடுத்தால் ஒன்றரை மணியில் அரை மணி அதிலேயே போயிடும்.