பிலிப்பைன்ஸின் டாவோ நகரத்து ரோஹாஸ் இரவுச் சந்தையிலிருந்து கயல்

அம்மா: கயல், எங்கே இருக்கிறாய்? மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன்.

கயல்: ரோஹாஸ் தெரு இரவுச் சந்தையில் இருக்கிறேன்மா, சத்தத்தில் கேட்கவில்லை. பரீட்சை முடிந்தது, அறைத்தோழிகளோடு வந்தேன். இங்கே மணி எட்டரை, உங்களுக்கு ஆறுதானே.

சித்தி: முதலில் போட்டோ போடு.

கயல்: 📷 எல்லாம் புகையாகத்தான் தெரிகிறது சித்தி, வரிசையாகக் கரி அடுப்புகள்.

பெரியப்பா: 2016-ல் குண்டு வெடித்தது இந்த டாவோ சந்தையில்தானே? பேப்பரில் படித்த ஞாபகம். பார்த்துப் போம்மா.

கயல்: இதே சந்தைதான் பெரியப்பா. அந்த செப்டம்பரில் பதினைந்து பேர் இறந்துபோனார்கள். இப்போது நுழையும் இடத்திலேயே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கைக்குழந்தையோடெல்லாம் வருகிறார்கள், பயப்படாதீர்கள்.

அப்பா: சரி. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு ஆனது?

கயல்: நான்கு பேருக்கும் சேர்த்து 420 பேசோ அப்பா, ஆளுக்கு 105. நம் காசுக்கு 160 ரூபாய் பக்கம். ஏசி போட்ட கடையில் இந்தப் பணத்துக்கு ஒரு துண்டு கோழியும் கொஞ்சம் சோறும்தான் வரும். இங்கே எல்லாமே குச்சிக் கணக்கு, அதனால் ஆளுக்கு ஒன்று வாங்காமல் ஒன்றை வாங்கி நாலு பேரும் ருசி பார்க்கலாம். "தக்பிலா?" என்று கேட்டால் போதும், ஒன்று எவ்வளவு என்று அர்த்தம், இந்த ஊர் பிசாயா மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான்.

கதிர்: அக்கா, கோழிக் குடல் இருக்கிறதாமே?

கயல்: அதற்குப் பெயர் இசாவ். குடலைக் கழுவி, வேகவைத்து, குச்சியில் நெளிநெளியாகக் கோத்துக் கரியில் சுடுவார்கள். கோழி ரத்தத்தை உறையவைத்துச் சதுரமாக வெட்டிச் சுட்டால் பீட்டாமேக்ஸ், அந்தக் காலத்து வீடியோ கேசட் மாதிரி கறுப்பாக இருப்பதால் அந்தப் பெயர். பாட்டி செய்யும் ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இதெல்லாம் அந்நியமாகவே இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது ப்ரோபென். கோழிக்கு இரையை அரைக்கும் பைக்கு முன்னால் ஒரு சின்ன இரைப்பை உண்டு, ப்ரோவென்ட்ரிகுலஸ் என்பார்கள், அந்தப் பெயர்தான் தெருவில் ப்ரோபென் ஆகிவிட்டது. மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, காகிதப் பையில் போட்டு, மிளகாயும் வெங்காயமும் ஊறிய காடியை, அதாவது வினிகரை, மேலே ஊற்றித் தருகிறார்கள். காடி மாவில் இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

அம்மா: வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் குடலும் ரத்தமுமா!

கயல்: அம்மா, நான் இன்று அதைத் தொடவில்லை, தோழிகள்தான் சாப்பிட்டார்கள். போன வாரம் சாப்பிட்டதைச் சொன்னேன். இன்று எனக்கு கினாங்காங்தான், சுட்ட வாழைப்பழம். சபா என்று ஒரு வாழை, நம் மொந்தன் மாதிரி பட்டையாக இருக்கும். தோலை உரித்துக் குச்சியில் குத்திக் கரியில் வைக்கிறார்கள். அந்த அக்கா பழத்தைத் திருப்பித் திருப்பி, விளிம்பு கருகும் நேரம் பார்த்து மார்ஜரினைத் தடவி சர்க்கரையைத் தூவினார். சூட்டில் சர்க்கரை பாதிதான் இளகும், கடிக்கும்போது நறநறவென்று இருக்கும். இரண்டு தின்றேன்.

அப்பா: மீன் கிடைக்கிறதா?

கயல்: பாங்கா என்று சூரை மீனின் தாடையை முழுசாகச் சுட்டுத் தருகிறார்கள் அப்பா. தெற்கே ஜெனரல் சாந்தோஸ் என்ற ஊரில் சூரை நிறைய இறங்குகிறது, அதனால் இங்கே நல்ல மீன். கொஞ்சம் விலை அதிகம்தான், நீங்கள் வரும்போது வாங்கலாம்.

சித்தி: தெருக்கடைச் சாப்பாடு, வயிறு பார்த்துக்கொள். முதல் வருஷம் இரண்டு நாள் படுத்தாயே.

கயல்: அது காடிக் கிண்ணத்தால் வந்தது சித்தி. ஒரு கடையில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குச்சியைத் தோய்த்தார்கள், நானும் தோய்த்துவிட்டேன். இப்போது கரண்டியால் ஊற்றித் தரும் கடைக்குத்தான் போவேன். ஆறிப்போன குச்சியைச் சூடுபண்ணித் தந்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன். கூட்டம் உள்ள அடுப்பில் எதுவும் ஆற நேரமே இருக்காது, அங்கே நின்று வாங்குவதுதான் நல்லது.

கதிர்: பலூட்?

கயல்: இரண்டு வாரத்துக்கு மேல் அடையில் இருந்த வாத்து முட்டை. உள்ளே குஞ்சு உருவாகியிருக்கும். பக்கத்தில் ஒரு தாத்தா முனையை உடைத்து, உப்புப் போட்டு, முதலில் அந்தச் சாற்றைக் குடித்தார். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அம்மா: அந்த வாழைப்பழம், நன்றாகப் பழுத்ததா, செங்காயா?

கயல்: லேசாகப் பழுத்தது, கை வைத்தால் குழையக் கூடாது. கரி இல்லாவிட்டால் தோசைக்கல்லில் போடுங்கள், மார்ஜரினுக்குப் பதில் வெண்ணெய்.

அம்மா: கொல்லையில் மொந்தன் தார் தொங்குகிறது. கதிர், போய் ஒரு சீப்பு அறுத்து வா.